எம்.டி. முத்திரையிட்ட இடதுகை உறை

1

எல்லோரும் சௌக்கியமா? போன தடவை முழங்கால் வலி என்று எழுதியிருந்தவர்களுக்கு இப்போது தேவலையா? இங்கே மொன்டானாவில் ஏப்ரல் முடியப் போகிறது, வாசலில் இன்னும் பனி கிடக்கிறது. எனக்கு ஒரு தோள்பட்டை மட்டும் மக்கர் பண்ணுகிறது. தட்டச்சுக்கு இரண்டு விரல் போதும் என்பதால் பாதகமில்லை.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ருபார்ப் பை வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவள் கத்தியைக் கீழே வைத்தாள். அங்கிருந்து பிறந்தது. (ருபார்ப் ஒரு புளிப்புத் தண்டு. பை என்றால் தின்கிற பை. தூக்குகிற பை இல்லை. நாற்பத்தோரு வருஷமாகத் தமிழில் எழுதும்போதெல்லாம் இந்தச் சனியனோடு மல்லுக்கட்டுகிறேன்.)

எங்கள் வில்லோ ஃபோர்க்கில் ஒவ்வொரு வசந்தத்திலும் சந்தை மைதானத்துக் கொட்டகையில் பழைய தோல் சாமான் கண்காட்சி நடக்கும். சேணம், கடிவாளம், துப்பாக்கி உறை. ஆண்கள் மேசை போட்டுப் பரப்பிவிட்டு, ஒருத்தர் சாமானை ஒருத்தர் மட்டம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூலையில் லூத்தரன் சர்ச் பெண்கள் காபியும் பையும் விற்போம். நான் லூத்தரன் இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதும் இல்லை, பை நன்றாக வந்தால் போதும் அவர்களுக்கு.

கத்தியைக் கீழே வைத்தவள் ஆர்டிஸ் ஹால்வர்சன். எழுபத்தெட்டு வயது. ஊருக்கு வடக்கே மாட்டுப்பண்ணை வைத்திருந்தவள். கணவர் வெர்லின் போய் ஆறு வருஷமாகிறது. பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். கிழித்தவற்றையும் காட்டிவிடுகிறேன், ஒளிப்பானேன்.

ஒன்று: "1883. சூரியன் சாய்கிற நேரம். தெருவின் இரண்டு முனையிலும் இரண்டு பேர். இடுப்பருகே விரல்கள்..."

நிறுத்திவிட்டேன். எங்கள் தெருவில் அப்படி யாரும் நின்றதாக யாருக்கும் தெரியாது. நின்றிருந்தாலும் இந்த ஊர்க் காற்றுக்குத் தொப்பி பறந்து, இரண்டு பேரும் அதன் பின்னால் ஓடியிருப்பார்கள்.

இரண்டு: "ஒரு ஊரில் ஒரு மாடு இருந்தது. அதன் தோல்..."

மாட்டின் மனசுக்குள் நுழைய எனக்கு வயதாகிவிட்டது.

மூன்று: "கையால் செய்த துப்பாக்கி உறையின் வரலாறு என்பது..."

இது கதை இல்லை, பாடம். ஆனால் இதிலிருந்து ஒரு பிடி வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டிஸ் ஏன் கத்தியைக் கீழே வைத்தாள் என்று உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் உறைக்கென்று தனிக் கடை கிடையாது. சேணம் தைக்கிறவர்தான், சேணம் வெட்டி மிஞ்சிய தோலில் உறையும் செய்வார். துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதன்மேல் ஈரத்தோலைச் சுற்றி அழுத்தி உருவம் பிடித்துக் காயவிடுவார். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து எதிரும் புதிருமாகத் தைப்பார். ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஊர் சேணக்காரருக்கும் ஒரு பூ, ஒரு வளைவு, ஒரு ஓரக்கோடு. பிறகு தொழிற்சாலை வந்தது, தபாலில் விலைப்பட்டியல் வந்தது, எல்லா இடுப்பிலும் ஒரே உறை தொங்க ஆரம்பித்தது. அதனால்தான் முந்தியதற்கு இவ்வளவு மவுசு.

மவுசிலும் படிகள் உண்டு. முத்திரை இல்லாத உறை என்றால் "யாரோ செய்தது". முத்திரை இருந்தால் "இன்னார் செய்தது". இன்னார் பெயரோடு ஊர்ப் பெயரும், அதற்குப் பின்னால் எம்.டி. என்ற இரண்டு எழுத்தும் இருந்துவிட்டால், சேகரிக்கிறவர்கள் சர்ச்சில் நிற்பது மாதிரி தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். மொன்டானா டெரிட்டரி என்பதன் சுருக்கம். 1889-இல் இது மாநிலமாவதற்கு முன்னால், வெறும் பிரதேசமாக இருந்த காலத்து முகவரி அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தில் குடித்துவிட்டு வந்தால் மன்னிப்பார்கள், பொய் சொன்னால்கூட மன்னிப்பார்கள். பெயரில்லாத உறையில் பழைய பெயரை அடித்தவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். முத்திரைத் திருடன் என்ற பட்டம் செத்த பிறகும் போகாது.

3

இப்போது கொட்டகைக்குள் வாருங்கள்.

நடு மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு உறை. பக்கத்தில் ராய்ஸ் டில்லட்சன், ஒலிபெருக்கியோடு. வயோமிங்கிலிருந்து வருகிறவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக ஒரே ஒரு சேணக்காரரின் கைவேலையைத் தேடிக்கொண்டிருக்கிறார்: எங்கள் ஊரில் கடை வைத்திருந்த ஆகஸ்ட் ப்ராண்ட்வோல்ட். இதுவரை கிடைத்தது மூன்று. இது நான்காவது. நான்கிலும் இதுதான் சிறந்தது என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

ஆர்டிஸ் பையை வெட்டிக்கொண்டே அரைக் காதில் கேட்டாள். உறை இடதுகைக்காரனுக்காகச் செய்யப்பட்டது என்றார் ராய்ஸ். அபூர்வம். வாய்ப்பக்கத்தில் இரண்டு இடத்தில் தோல் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, அதனால் இரண்டு வெவ்வேறு துப்பாக்கி வைத்திருந்திருக்கிறான். மழையிலும் வெயிலிலும் கிடந்தவன். "நாளைக்கு நாற்பது தடவையாவது உருவியிருக்கான்" என்றார். கூட்டத்தில் யாரோ மாட்டுத் திருடர்களைப் பிடித்த துப்பறிவாளனாக இருக்கும் என்றார். இன்னொருவர் அவனுக்கு ஒரு மீசை வைத்தார். பத்து நிமிஷத்தில் அந்த இடதுகைக்காரனுக்குக் குதிரையின் நிறம்கூட முடிவாகிவிட்டது.

ஆர்டிஸ் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

நான்கு வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்த பொருள் அது. பண்ணையைக் காலி செய்தபோது, தன்னோடு எடுத்துப்போக ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். ஏலக்காரரின் ஆட்கள் அதையும் குதிரைச் சாமானோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். இரண்டு அறை வீட்டில் ஒவ்வொரு அலமாரியையும் மூன்று முறை கொட்டிக் கவிழ்த்தாள். கிடைக்கவில்லை. வயதாகிவிட்டது, எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டோம் என்று தன்னையே வைதுகொண்டிருந்தாள்.

அந்த இடதுகைக்காரத் துப்பறிவாளன் அவள்தான். நாளைக்கு நாற்பது தடவை அவள் உருவியது வேலிக் குறடு. முள்கம்பி வெட்ட, ஆணி பிடுங்க, ஆணி அடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். இரண்டு துப்பாக்கி தேய்த்ததாக ராய்ஸ் சொன்ன இரண்டு தழும்பும் குறட்டின் இரண்டு கைப்பிடிகள்.

4

(இந்த இடத்தில் ஒரு அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆர்டிஸ் இதையெல்லாம் எனக்குச் சொன்ன அன்று, மறக்காமலிருக்கத் தமிழில் குறிப்பெழுதி வைத்தேன். "உறையில் எம்.டி." என்று. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், டாக்டரைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டியவள் அதை எப்படிப் படிப்பேன்? யாரோ ஒரு எம்.டி. டாக்டர் உறை தைத்தார் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். அறுவை சிகிச்சை ஊசியால். நன்றாகத்தான் வந்திருந்தது. போகட்டும்.)

1972 ஜனவரி. பண்ணை வீட்டுச் சமையலறை. வெளியே மூக்குமுடி உறைகிற குளிர். மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தால் பகல் முழுக்க அடுப்பங்கரைதான். அந்த வாரம் ஆர்டிஸ் மூன்றாவது குறட்டைப் பனியில் தொலைத்திருந்தாள்.

"நான் வேலிக்குக் கம்பி வாங்குறேனா, குறடு வாங்குறேனா?" என்றான் வெர்லின்.

"வலதுகைக்காரனுங்க தைச்ச உறைய இந்தப் பக்கம் மாட்டுனா விழத்தான் செய்யும். நீ ஒரு நாள் மாட்டிட்டுக் குனிஞ்சு பாரு."

அவன் எழுந்து வெளியே போனான். கொட்டகைப் பரணிலிருந்து கொள்ளுத் தாத்தாவின் சேணத்தை இறக்கினான். எலி கடித்து, உள்ளே மரச்சட்டம் உடைந்து, ஏற முடியாத சேணம். ஆகஸ்ட் ப்ராண்ட்வோல்ட் கடையில் வாங்கியது. அதன் பக்கவாட்டுத் தோல் மட்டும் நன்றாக இருந்தது. சில வருஷம் முன்பு ஒரு ஏலத்தில் ஒரு பெட்டி நிறையத் துருப்பிடித்த கருவிகள் எடுத்திருந்தான். எப்போதோ மூடிப்போன அந்தக் கடையின் கருவிகள். ஊசி, மெழுகு, சணல் நூல்கண்டு, அடியில் ஒரு இரும்பு அச்சு.

ஒன்பது நாள் தைத்தான். சமையலறை மேசையில் சாப்பாட்டுத் தட்டு வைக்க இடமில்லை. உருளைக்கிழங்கு லெஃப்ஸா ரொட்டியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றபடியே தின்றார்கள். மூன்றாம் நாள் தைத்ததை முழுசாகப் பிரித்தான், ஓரக்கோடு அரைக்கால் விரல்கடை கோணல் என்று. குறடுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள் அவள். அவன் காட்டு ரோஜா ஒன்று செதுக்கிக்கொண்டிருந்தான், காது கேட்காதவன் மாதிரி.

கடைசியில் சுத்தியலை எடுத்து அந்த இரும்பு அச்சை வைத்து ஒரே அடி. ஏ. ப்ராண்ட்வோல்ட், வில்லோ ஃபோர்க், எம்.டி.

"நீ செஞ்சதுக்கு அந்தாளு பேரா? உன் பேரப் போடு" என்றாள் ஆர்டிஸ்.

"என் பேருல அச்சு இல்லையே. அந்தக் கடைசி ரெண்டு எழுத்த வேகமாச் சொல்லிப் பாரு."

சொல்லிப் பார்த்தாள். எம்.டி. எம்ட்டி. காலி.

"உங்கிட்ட துப்பாக்கியா இருக்கு? காலி உறைதானே" என்று அவன் அடுப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தான். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கிற ஆள். அவளுக்கு அதைக் கேட்டு மறுநாள்தான் சிரிப்பு வந்தது, வேலியில் தனியாக நிற்கும்போது.

நாற்பத்தைந்து வருஷம் அது அவள் இடுப்பில் இருந்தது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வெர்லின் அதற்கு மாட்டுக் குளம்பெண்ணெய் தேய்ப்பான். பிறகு அண்டை அயலாருக்கு எத்தனையோ உறை செய்து கொடுத்தான், கத்திக்கு, குறட்டுக்கு. எதிலும் அந்த அச்சை அடிக்கவில்லை. ஒரு தடவை சொன்ன ஜோக்கை மறுபடி சொல்லக் கூடாதாம்.

தோல் அசல். நூல் அசல். முத்திரை அசல். கை மட்டும் தொண்ணூறு வருஷம் தாமதம்.

5

இந்த ராய்ஸை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். முதலில் அவருக்குத் தங்கப்பல் வைத்தேன். ஒத்துவரவில்லை. நிஜத்தில் அவர் பை தின்றுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார். அன்று கொட்டகையில் தட்டு கழுவிய ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

ஆர்டிஸ் அவரிடம் போய் உறையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் பெட்டியைத் திறந்து, குழந்தையை எடுப்பது போல எடுத்துக் கொடுத்தார். அவள் யோசிக்காமல் அதை இடது இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கை தானாகப் போய் மேலே நின்றது.

ராய்ஸ் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்களுக்கும் எடது கைதானா, மிஸஸ் ஹால்வர்சன்?"

"பள்ளிக்கூடத்துல ஸ்கேலால அடிச்சுப் பார்த்தாங்க. மாறல."

அவர் தலையாட்டினார். மேலே கேட்கவில்லை. (அவருக்கு அந்த நிமிஷம் ஏதாவது தட்டுப்பட்டதா? ஐந்து முறை எழுதி ஐந்து முறை அழித்தேன். தட்டுப்பட்டது என்று எழுதினால் அவர் மோசக்காரர். இல்லை என்று எழுதினால் முட்டாள். முப்பது வருஷம் ஒன்றைத் தேடிய மனுஷனுக்கு, பார்த்தும் பார்க்காமலிருக்கிற ஒரு கண் இருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.)

பிறகு, ஹால்வர்சன் பண்ணை ஏலத்துச் சாமானிலிருந்து தன் கைக்கு வந்தது என்று சொல்லி, அவர் ஒரு காகிதம் கொடுத்தார். அவர்கள் உலகத்தில் பொருளைவிடக் காகிதம் முக்கியம். இந்த உறை ஹால்வர்சன் குடும்பத்தில் கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து இருந்தது, ப்ராண்ட்வோல்ட் கையால் அவருக்குச் செய்து கொடுத்தது என்று குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட்ட கடிதம். அது இருந்தால் உறை அருங்காட்சியகத்துக்குப் போகும். நிரந்தரமாக, விளக்கோடு, பெயர்ப்பலகையோடு. ராய்ஸ் அதை விற்கப் போவதில்லை, சும்மா கொடுக்கப் போகிறார். அதையும் சொன்னார். அதுதான் ஆர்டிஸை இன்னும் வாட்டியது. பேராசைக்காரன் என்றால் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடலாம்.

அவசரமில்லை, இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அவளுடைய சிக்கல் இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டால், வெர்லின் வாழ்க்கையில் செய்த மிக நல்ல காரியம் வேறொருவர் பெயரில் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துவிடும். உண்மையைச் சொன்னால், ஊரே அவனை முத்திரைத் திருடன் என்று சொல்லும். அது ஜோக் என்றால் யார் நம்புவார்கள்? சிரித்த ஆள் இல்லையே.

6

போன ஞாயிறு மூன்று முடிவு எழுதி எடுத்துக்கொண்டு ஆர்டிஸ் வீட்டுக்குப் போனேன். அவளுடைய சமையலறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாயால் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

முதல் முடிவில் அவள் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். பொருள் பத்திரமாக இருக்கிறதே, அது போதும் என்று நினைக்கிறாள். அருங்காட்சியகத்துக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று...

"நான் அவ்வளவு நல்லவ இல்ல" என்றாள் ஆர்டிஸ். "தெனமும் போயி அந்தப் பலகையப் படிச்சுப் படிச்சு எரிஞ்சுக்கிட்டு நிப்பேன்."

இரண்டாவது முடிவில் அவள் ராய்ஸைக் கூட்டிக்கொண்டு மேடை ஏறுகிறாள். ஊர்க்காரர்கள் முன்னால் பழைய குறட்டை எடுத்து அந்த உறைக்குள் செருகுகிறாள். சிக்கென்று பொருந்துகிறது. கொட்டகை முழுக்க...

"கை தட்டுறாங்களாக்கும்."

"ஆமா."

"நீ இந்த ஊருல நாப்பது வருஷமா இருக்கியா, இல்ல வேற எங்கயாவது இருந்தியா? அடுத்த நாள் மாட்டுத்தீவனக் கடையில என்ன பேசுவாங்கன்னு தெரியாதா உனக்கு?"

மூன்றாவது எனக்கே பிடித்தது. அவள் தானே ஒரு கடிதம் எழுதுகிறாள். தோல் யாருடையது, அச்சு எங்கிருந்து வந்தது, தைத்தது யார், ஏன் எம்.டி., எல்லாம் ஒன்றுவிடாமல். ராய்ஸ் படித்துவிட்டுக் காகிதத்தை நான்காக மடிக்கிறார். பிறகு...

"பெறகு என்ன?"

அதற்குமேல் எழுதவில்லை என்றேன். அந்த மனுஷனின் முப்பது வருஷத்தைப் பறித்துவிட்டு அவர் வாயில் என்ன வார்த்தை வைப்பது என்று தெரியவில்லை.

ஆர்டிஸ் காபியைச் சூடாக்கினாள். அது ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது. அப்புறம் முதுகைக் காட்டியபடியே கேட்டாள், நீ எழுதுவது உங்கள் ஊர்ச் சுருட்டெழுத்தில்தானே என்று.

ஆமாம் என்றேன்.

"இங்க யாருக்கும் அது படிக்கத் தெரியாதில்ல?"

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இப்போதெல்லாம் போனைக் காட்டினால் அது எதை வேண்டுமானாலும் படித்துச் சொல்லிவிடும் என்றேன். ஆர்டிஸ் கொஞ்சம் யோசித்தாள்.

"அவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தர் படிக்கிறாருன்னா, அவருக்குத் தெரிஞ்சுட்டுப் போகட்டும். நீ அவன் பேரப் போடு."

போடுகிறேன். இது கதையின் வாக்கியம் இல்லை, இதை அழிக்கவும் மாட்டேன்:

அந்த உறையைச் செய்தவர் வெர்லின் ஹால்வர்சன். 1972 ஜனவரி. ஒன்பது நாள்.

7

இன்று செவ்வாய். காகிதம் அவள் மேசையில், உப்புச் சீசாவுக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்துக் கோடு காலியாக இருக்கிறது. என்ன முடிவு செய்தாய் என்று காலையில் போனில் கேட்டேன். உன் வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்றாள். இன்னும் அனுப்பவே இல்லை, அனுப்பினால்தானே சொல்வார்கள் என்றேன். இவ்வளவு நேரம் என்னதான் செய்கிறாய் என்று வைதாள்.

அதனால் நான்காவது முடிவு எழுதாமலே அனுப்புகிறேன். எனக்கு அதில் உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. வியாழக்கிழமை ராய்ஸ் வண்டி வந்து நிற்பதற்குள், அவள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை எனக்கு எழுதுங்கள். நான் அவளுக்கு வாயால் மொழிபெயர்த்துச் சொல்கிறேன். திட்டினாலும் திட்டியபடியே சொல்கிறேன்.

அப்படியே இன்னொன்றும். உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். கடையில் வாங்கியது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு முக்காலி, ஒரு முறம், ஒரு கத்திக்குப் பிடி. அது என்ன, யார் செய்தது, எப்படி உங்களிடம் வந்தது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அடியில் உங்கள் பெயரைப் போட மறந்தாலும் பரவாயில்லை. செய்தவர் பெயரை மட்டும் முழுசாக, இனிஷியலோடு எழுதுங்கள்.